கொழுந்தோடு வாட்டிய கொம்பியூட்டர்

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. குடிக்கிற ஆள் இல்லை, சீட்டு விளையாடுகிற ஆள் இல்லை. ரிப்பேர் செய்கிற ஆள். கல்யாணம் பேச வந்தபோது இதை ஒரு நல்ல குணமாகத்தான் சொன்னார்கள். தேயிலை பெக்டரியில் ட்ரையர் பக்கம் வேலை, மெஷின் எல்லாம் தெரிந்த பிள்ளை, வீட்டில் எது கெட்டாலும் வெளியே கொண்டுபோக வேண்டியதில்லை என்றார்கள். அதில் ஒரு பொய்யும் இல்லை. பதினான்கு வருடத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு சாமானும் வெளியே போகவில்லை. எல்லாம் பிரித்துப் போட்டபடி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் அயன் பொக்ஸ் சூடாக வேண்டுமானால் வயரை இடது பக்கமாக மடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாசல் கதவை மழைக்காலத்தில் இறுகுகிறது என்று இழைத்துவிட்டார். வெயில் வந்ததும் அதே கதவுக்கு அடியில் பூனை நுழைகிற அளவு இடைவெளி. ரைஸ் குக்கரில் சோறு வெந்ததும் விளக்கு மாறாது, நாம்தான் மூக்கால் கண்டுபிடிக்க வேண்டும். இதையெல்லாம் யாரிடமாவது சொல்லி அழுதால், "குடிச்சிட்டு வந்து அடிக்கிறவனெல்லாம் இருக்கான், நீ குக்கருக்குப் போய் அழுவுற" என்பார்கள். ஆகவே நான் சொல்வதில்லை. ஆனால் கொம்பியூட்டர் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது.

எங்கள் தோட்டத்துக்கு றக்வானை டவுனிலிருந்து இன்னும் மேலே ஏற வேண்டும். அங்கே பிள்ளை மடுவத்தில் நான் ஆயா. அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பத்து வருடமாகத் தற்காலிகமாகவே இருந்தேன். போன வருடம், மடுவத்தை முன்பள்ளியாக மாற்றப் போகிறோம், டிப்ளோமா இருப்பவர்தான் இனிப் பொறுப்பாக இருக்கலாம் என்று ஒபீஸில் சொன்னார்கள். எனக்கு டிப்ளோமா இல்லாவிட்டால் டவுனிலிருந்து ஒருவரை அனுப்புவார்கள். நல்ல பெண்ணாகத்தான் இருப்பார். ஆனால் சிங்களம்தான் பேசுவார், தமிழ் வராது. நாலு வயதுப் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எந்த மொழியில் போய்ச் சொல்லும்? இதை நினைத்துத்தான் முப்பத்தாறு வயதில் நான் போனில் பாடம் படிக்கத் தொடங்கினேன்.

படிப்பு முடிவில் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். ஒரே ஒரு பிள்ளையை ஆறு மாதம் கவனித்து, பார்த்ததை எழுதி, அதிலிருந்து என்ன தெரிந்தது என்று சொல்ல வேண்டும். நாற்பது பக்கத்துக்குக் குறையாமல், டைப் செய்து, படங்களோடு. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் அனுப்பாவிட்டால் அந்த வருடம் போய்விடும், நானும் போய்விடுவேன். அதற்காகத்தான் பழைய கொம்பியூட்டர் ஒன்றை வாங்கினோம். பெரிய பெட்டி, அதன் பக்கத்தில் குண்டு ஸ்கிரீன். போட்டால் முகம் காட்டவே ஏழு நிமிடம் எடுக்கும். ஒரு விரலால் குத்திக் குத்தி நாற்பத்தி மூன்று பக்கம் டைப் செய்தேன்.

நான் தேர்ந்தெடுத்த பிள்ளை மடுவத்தில் வாயே திறக்காத பெண் குழந்தை. நாலு வயது. அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்பா தோட்டத்தில்தான் வேலை. தினமும் பதினொரு மணியானால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டி நிற்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பத்து நிமிடம் கழித்து அவளாகவே வந்து உட்காருவாள். பிரிந்த தாயை வழி பார்க்கிறாள் என்று எழுதினேன். பாடத்தில் படித்த பெரிய பெரிய வார்த்தைகளைப் போட்டு அதற்கு மட்டும் பன்னிரண்டு பக்கம். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மொத்த அறிக்கையிலும் எனக்குப் பெருமையான இடம் அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய ஞாயிறன்று வேலை எல்லாம் முடிந்து, எழுத்துப் பிழை பார்ப்பது மட்டும்தான் பாக்கி. பெண்டிரைவில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன் என்ற தைரியத்தில் இருந்தேன். பெண்டிரைவைத் தேடினால் காணவில்லை.

"அதுவா? கோயிலுக்கு பாட்டு ஏத்தி குடுத்தேன். திருவிழாவுக்கு கேட்டாங்க" என்றார்.

"அதுல என்னோட பாடம் இருந்துச்சேங்க."

"இடம் பத்தல. அதான் அழிச்சிட்டேன். கொம்பியூட்டர்ல இருக்குல்ல?"

இருக்கிறதுதான். அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழம வரைக்கும் இந்த வீட்டுல எதையும் தொடாதீங்க. ஒரு ஆணியக்கூட" என்றேன். சரி சரி என்று தலையை ஆட்டினார். அன்றைக்குப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

லயத்துக் கூரையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கூரைதான், நீளத்துக்குத் தகரம். ஒருவர் தன் தலைக்கு மேலே அடைத்தால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும். அவர் அடைத்தால் திரும்பி வரும். ஒபீஸில் எழுதிக் கொடுத்தால் ஆள் அனுப்புவோம் என்பார்கள். நாங்களும் எழுதிக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம். எங்கள் வீட்டில் ஒரே ஓர் இடத்தில் சொட்டும். அதற்குக் கீழே ஒரு வாளி. மூன்று வருடமாக அந்த வாளியோடு ஒரு சண்டையும் இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தோம்.

"நீ எழுதுற நேரம் டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்குதுல்ல. அத நிப்பாட்டி விட்டுர்றேன்" என்று மேலேயிருந்து சொன்னார். எனக்காகத்தான் ஏறியிருக்கிறார். எப்போதும் எனக்காகத்தான் ஏறுவார். அதனால்தான் திட்டவும் வாய் வருவதில்லை, திட்டாமல் இருக்கவும் முடிவதில்லை.

தகரத்துக்கு மேல் தகரம் ஏறி நிற்கிற இடத்தில், மேல் தகரத்தின் கீழ் ஓரம் முழுக்கத் தாரைக் காய்ச்சிப் பூசிவிட்டார். பார்க்க நல்ல அழகான வேலை. ஆனால் அந்த ஓரம் திறந்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆணித் துளை வழியாக உள்ளே போகிற தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியே வரும். அடைக்க வேண்டியது மேலே இருக்கிற ஆணித் துளையை. கீழ் ஓரத்தை அல்ல. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கொம்பியூட்டர் நனைந்த பிறகு நானே ஏணியில் ஏறிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் நல்ல மழை. மடுவத்திலிருந்து நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தால் இவர் எனக்கு முந்தி வந்து வாளியின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

"பாரு. ஒரு சொட்டு இருக்கா?"

வாளி காய்ந்துதான் இருந்தது. வெளியே வர வழியில்லாத தண்ணீர் தகரத்துக்கு அடியிலேயே நகர்ந்து, மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து, நேராகப் போய் என் மேசைக்கு மேல் இறங்கியிருந்தது. ஸ்கிரீனுக்கு உறை தைத்துப் போட்டிருந்தேன். நாற்பத்தி மூன்று பக்கம் இருக்கிற பெட்டிக்கு மேலே ஒரு பூப்போட்ட துணி மட்டும்தான். துணியைப் பிழிந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் வரும்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா கையில் அகப்பையோடு ஓடி வந்துவிட்டார். அவர் ஒரு மருந்து சொன்னார்: அரிசிக்குள் புதைத்து வைக்க வேண்டும், அவருடைய மகனின் போன் அப்படித்தான் பிழைத்தது. இந்தப் பெட்டியைப் புதைக்க எத்தனை மூட்டை அரிசி வேண்டும் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லது சொன்னால் கேட்கிறவர்கள் இல்லை என்று போய்விட்டார்.

இவர் ஒரு நல்ல காரியம் செய்தார், அதைச் சொல்லிவிட வேண்டும். ஈரத்தோடு சுவிட்சைப் போடப் போன என் கையைத் தட்டிவிட்டார். "முதல்ல காய வைக்கணும். காயாம போட்டா எரிஞ்சிரும்" என்றார். அது சரிதான். எங்கே காய வைப்பது? அந்த மாதத்தில் எங்கள் பக்கம் வெயிலைப் பார்க்க வேண்டுமானால் இரத்தினபுரிக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் நிச்சயமில்லை. அடுப்படியில் வைத்தால் புகை. "நான் பாத்துக்குறேன், நீ கவலப்படாத" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதுமே நான் பெட்டியை ஒளித்து வைத்திருக்க வேண்டும். அசதியில் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் மடுவத்தில் இருந்த நேரம் பெட்டியைக் கொழுந்துச் சாக்கில் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு பெக்டரிக்குப் போயிருக்கிறார். பெக்டரி மேல் மாடியில் பச்சைக் கொழுந்தை வாட்டுவதற்கு நீள நீளமான தொட்டிகள் இருக்கும். கீழே வலை, வலைக்கு அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்று ஊதும். கொழுந்தைப் பரப்பிவிட்டால் மறுநாளைக்குள் ஈரம் போய்த் துவண்டுவிடும். அதில், கொழுந்துக்கு நடுவில், மூடியைக் கழற்றி என் பெட்டியையும் வைத்துவிட்டார். உலகத்தில் வேறு யாருக்காவது இது தோன்றுமா? எங்கள் ஆட்களுக்குத்தான் தோன்றும். ஈரமான எதைப் பார்த்தாலும் அதை மேல் மாடிக்கு ஏற்றலாம் என்று நினைக்கிறவர்கள் நாங்கள். மழைக்காலத்தில் பாதித் தோட்டத்தின் கம்பளிச் சட்டைகள் அங்கேதான் காய்கின்றன.

புதன்கிழமை காலையில் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். வீடு முழுக்கப் பச்சைக் கொழுந்து வாசம்.

"ஒரே பக்கமா காயக் கூடாதுன்னு நடுவுல ஒருக்கா புரட்டியும் போட்டேன்" என்றார்.

சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ உறுமியது. ஸ்கிரீனில் எழுத்து வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெருமை தாங்கவில்லை. எனக்கும் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. அவருக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். தண்ணீர் கொதிப்பதற்குள் கொம்பியூட்டர் அணைந்துவிட்டது.

மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது. அதற்குப் பிறகு அன்றைக்குப் பெக்டரிக்குப் போகும் வரையிலும் வந்த பிறகும் நடந்ததைச் சொல்லி முடியாது. வயரைக் கழற்றி மாட்டினார். பெட்டியை நாலு பக்கமும் தட்டினார். யூடியூப்பில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் உள்ளே இருக்கிற பச்சைத் தகட்டை அழிறப்பரால் தேய்க்கச் சொன்னாராம். மடுவத்துக்கு நான் வாங்கி வைத்திருந்த பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்துத் தேய்த்தார். பக்கத்து வீட்டு அக்கா கோபம் ஆறி வந்து, கண்ணூறு பட்டிருக்கிறது என்று தேசிக்காயும் மிளகாயும் கோர்த்துக் கொடுத்தார். வைரஸ் என்றார் ஒருவர். கரண்ட் பத்தவில்லை என்றார் இன்னொருவர். எல்லாருக்கும் நோய் தெரிகிறது. ஆனால் என் நாற்பத்தி மூன்று பக்கத்தை எடுத்துக் கொடுக்க ஒருவருக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு றக்வானை பஸ்ஸில் ஏறினேன். அந்த வளைவுகளில் சும்மா உட்கார்ந்து போவதே கஷ்டம். ஒவ்வொரு வளைவுக்கும் பெட்டியின் மூலை விலாவில் இடித்தது. டவுனில் கொம்பியூட்டர் கடைக்காரர் தங்கமான மனிதர். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. சுவிட்சைப் போட்டார், அணைந்தது, தலையை ஆட்டினார்.

"ஹார்ட் எக்க இவரய் நங்கி" என்றார். உள்ளே எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிற பாகம் முடிந்துவிட்டதாம். புதிதாக ஒன்று போட்டுத் தருகிறேன், பழையதில் இருப்பதை மறந்துவிடு என்று சிங்களத்தில் ஆறுதலாகச் சொன்னார். மறப்பதா? ஆறு மாதத்தை மறப்பதா? பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அதே பஸ்ஸில், அதே விலாவில் இடி வாங்கிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் மரம் விழுந்து தோட்டத்துக்கே கரண்ட் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். இவர் வாசலில் நின்று ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குத்தான் கரண்ட் வந்தது. மடுவத்தை உதவிக்கு இருக்கிற பெண்ணிடம் விட்டிருந்தேன். இவரும் லீவு போட்டுவிட்டு நின்றார். கையில் ஸ்குரூ டிரைவர்.

"அத கீழ வைங்க. அந்த நாற்காலியில போய் உக்காருங்க. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்றேன். அந்தக் குரலை நான் மடுவத்தில் ஒருவரை ஒருவர் கடிக்கிற பிள்ளைகளிடம்தான் எடுப்பேன். போய் உட்கார்ந்தார்.

பாடத்தில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்திருந்தார்கள். முதலில் பார்த்ததை எழுது, காரணத்தைப் பிறகு யோசி. நான் எழுதுகிற கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டேன். போட்டேன், நாலு நிமிடத்தில் அணைந்தது. உடனே போட்டேன், ஒரு நிமிடம் கூடத் தாங்கவில்லை. அரை மணித்தியாலம் சும்மா விட்டுவிட்டுப் போட்டேன். திரும்பவும் நாலு நிமிடம். அதையும் எழுதினேன். கெட்டுப்போன சாமான் இப்படிக் கணக்காக நடக்காது. ஓய்வு கொடுத்தால் தெம்பு வருகிறது, உடனே எழுப்பினால் விழுகிறது. இது சூடு. சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. பெட்டிக்கு ஒரு நோயும் இல்லை.

பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்தேன். நாலு ஸ்குரூ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது; அதைப் பற்றிக் கேட்க நேரமில்லை. உள்ளே சின்ன விசிறி ஒன்று, அதன் அடியில் தகடு தகடாக இரும்புச் சீப்பு மாதிரி ஒரு பாகம். சூட்டை வெளியே தள்ளுவது அதுதான். அந்தத் தகடுகளுக்கு இடையில் காற்றுப் போக ஒரு நூல் இடமில்லை. பொன் நிறத்தில் பஞ்சு அடைத்துக் கிடந்தது. ஒரு விரலால் எடுத்து மோந்து பார்த்தேன். தேயிலை. கொழுந்தின் மேலே இருக்கிற பூமுடி; காய்ந்து, தூளாகி, பெக்டரியில் எங்கே பார்த்தாலும் பறக்கிற சமாச்சாரம். ஒரு பகல் ஓர் இரவு ஊதின காற்று அதை நன்றாகத் திணித்துவிட்டிருந்தது.

அந்தப் பஞ்சை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். மோந்தார். பார்த்தார். "நல்ல சாமான்" என்று வாய்க்குள் சொன்னார். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்ததை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

மடுவத்துப் பெயின்ட் பிரஷையும் பழைய பல் துலக்குகிற பிரஷையும் வைத்து ஒரு மணித்தியாலம் நோண்டினேன். ஒரு கை நிறைய வந்தது. பிரச்சினை அதோடு தீரவில்லை, விசிறி சுற்றவில்லை. ஈரமும் பஞ்சும் சேர்ந்து அச்சு பிடித்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் விசிறி ஓடவில்லை என்று ஸ்கிரீன் என்னிடமே புகார் சொல்லியது, தொடர வேண்டுமானால் ஒரு பட்டனை அழுத்து என்றது. மணி இரண்டரை. கொம்பியூட்டர் எழும்ப ஏழு நிமிடம் வேண்டும். அறிக்கையைத் திறந்து, அவர்கள் கேட்ட மாதிரி பிடிஎஃப் ஆக்கி, வயர் போட்டு போனுக்கு ஏற்ற இன்னும் பத்து நிமிடம். விசிறி இல்லாமல் அது பதினேழு நிமிடம் உயிரோடு இருக்குமா?

நாற்காலியிலிருந்து, "நான் எந்திரிக்கலாமா?" என்று கேட்டார்.

சரி என்றேன். அடுப்படிக்குப் போய் அரிசி புடைக்கிற சொளகை எடுத்துக்கொண்டு வந்தார். திறந்த பெட்டிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து வீசத் தொடங்கினார். நான் பட்டனை அழுத்தினேன். அவர் வீசினார். அடுப்புக்கு வீசுகிற வீச்சு இல்லை; ஒரே அளவாக, ஒரே வேகத்தில், மெஷின் மாதிரி. வலது கை சோர்ந்தால் இடது கை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, என்ன ஏது என்று கேட்காமல், எங்களுக்குக் கரண்ட் குறையக் கூடாது என்று தன் வீட்டு குக்கரை அணைத்துவிட்டு வந்து நின்றார். நாலு நிமிடம் தாண்டியது. ஏழாவது நிமிடத்தில் என் பைல் தெரிந்தது. பத்தொன்பதாவது நிமிடத்தில் அது என் போனுக்குள் இருந்தது. அதற்குப் பிறகும் அவர் வீசிக்கொண்டே இருந்தார். போதும் என்று நான்தான் சொளகைப் பிடுங்க வேண்டியிருந்தது.

எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. கோயில் படிக்கட்டுக்குப் போக வேண்டும். ஒலிபெருக்கி என் பெண்டிரைவிலிருந்து அம்மன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. மூன்று நாற்பதுக்கு அறிக்கை போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். வலது கையைத் தூக்க முடியாமல் மடியில் போட்டிருந்தார். ஐந்து நாளில் முதல்முறையாக எனக்கு அவர் மேல் கோபம் இல்லை.

"அப்பிடி என்னதான் எழுதியிருந்த?" என்றார்.

ஆறு மாதத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. மேசை ஆடுகிறதா, பிளக் லூசா, வெளிச்சம் போதுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டதில்லை. எனக்குப் பெருமையான அந்தப் பன்னிரண்டு பக்கத்தை எடுத்துப் போனிலேயே வாசித்துக் காட்டினேன். பதினொரு மணி, ஜன்னல், கம்பி, காட்டிய முதுகு, தாயை வழி பார்க்கும் கண்கள்.

கேட்டுக்கொண்டே வந்தவர், "யாரு, மூணாம் லயத்து புள்ளையா?" என்றார்.

"ஆமா."

"அது அம்மாவுக்காக நிக்கலியே."

"என்ன சொல்றீங்க?"

"பதினொரு மணிக்கு கொழுந்து லொறி மேமலைக்கு போகும்ல. இப்ப ஆறேழு மாசமா அதுல பின்னாடி நிக்கிறது அவ அப்பன்தான். மடுவத்து வளைவுல வந்தோன லொறி பலகைய ரெண்டு தட்டு தட்டுவான். புள்ள ஜன்னல்ல நின்னு கை காட்டும். அவனுக்கு அன்னன்னிக்கு அதான் பேச்சு. 'எம்புள்ள இன்னிக்கும் நின்னுச்சுண்ணே'ன்னு பெக்டரியில ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லுவான்."

அந்தத் தட்டல் எனக்கும் தினமும் கேட்டிருக்கிறது. லொறியில் ஏதோ பலகை ஆடுகிறது என்று நினைத்திருந்தேன். அவள் முதுகைத்தான் பார்த்தேன். முன்னால் அவள் கை அசைந்ததை ஒரு நாளும் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. ஒரு நாளில் அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே சந்தோஷத்தைப் பன்னிரண்டு பக்கத்துக்குத் துக்கம் என்று எழுதி, படம் ஒட்டி, இப்போதுதான் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"இத ஏங்க எங்கிட்ட முந்தியே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? ஒண்ணையும் தொடாதீங்கன்னுதான் சொன்ன."

சண்டை போட வேண்டும் போல இருந்தது. எப்படிப் போடுவது? கேட்காமல் கூரையில் ஏறினார் என்று அவரை வாரம் முழுக்க வைதேன். நான் யாரையும் கேட்காமல் ஒரு பிள்ளையின் மனசுக்குள்ளேயே ஏறி இறங்கியிருக்கிறேன். அவர் மேல் வந்த எரிச்சலைவிட என் மேல் வந்த எரிச்சல் அதிகம்.

மணி நாலுக்குப் பிறகு திருத்தம் ஏற்க மாட்டார்கள். அடுத்த வாரம் போனில் நேர்முகம் வைத்தார்கள். கேட்டவர் எடுத்ததும் அந்தப் பன்னிரண்டு பக்கத்தைத்தான் பாராட்டினார், அருமையான அவதானிப்பு என்றார். பேசாமல் நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். "அது பிழை மேடம். நான் யாரையும் கேட்காம எழுதிட்டேன்" என்று சொல்லி, லொறிக் கதையைச் சொன்னேன். மேடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு அடுத்த கேள்விக்குப் போனார். பாஸ் பண்ணிவிட்டேன். உண்மை சொன்னதற்குக் கூலியாக அந்தப் பகுதியில் மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். இருக்கட்டும், மடுவம் இப்போது என் பொறுப்பில்தான் இருக்கிறது.

ஆனால் நேர்முகத்துக்கு முன்னால் வந்த திங்கட்கிழமையைச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பதினொரு மணிக்கு அவள் வழக்கம் போலக் கையில் இருந்த கட்டையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அவளுக்குப் பக்கத்தில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதையைப் பார்க்க நன்றாகக் குனிந்தேன். கீழே லொறி ஏறி வருகிற சத்தம் கேட்டது. வளைவில் முகப்புத் தெரிந்ததும் என் இடுப்பில் ஒரு சின்னக் கை வந்து தள்ளியது. ஆறு மாதம் அவளைப் பற்றி எழுதியிருக்கிறேன், அவள் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஆயாம்மா, மறைக்காதீங்க" என்றாள்.